நடு இருக்கையில் ஒரு தொப்பி

பேஸ்பால் ஆட்டத்தில் பேஸ்கள் மூன்றும் நிரம்பிவிட்டால் ஓரின் பாவ்லிக் ஏரியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கொக்குகள் அணியின் ஆட்டக்காரர்கள் மூன்று மூலைகளிலும் ஓடத் தயாராகக் குனிந்து நிற்பார்கள். மட்டை பிடித்தவன் காலால் மண்ணைக் கீறுவான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓரின் மட்டும் கழுத்தை வலப்பக்கம் திருப்பி, வேலிக்கு அப்பால் ஈரி ஏரியில் நகருவதும் தெரியாமல் நிற்பதும் தெரியாமல் மிதக்கும் ஏதாவது ஒரு சரக்குக் கப்பலில் ஆழ்ந்திருப்பார். கூட்டம் போடும் சத்தத்தை வைத்தே என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கிவிடும்.

"நான் பாத்தா அவன் அடிக்க மாட்டான். சின்ன வயசுலேருந்து பாக்கறேன்ல, எனக்குத் தெரியாதா?" என்பார்.

பின்வரிசையில் உட்காரும் பிளம்பர் ஆர்ட்டி சும்மா இருக்க மாட்டார். "யோவ் பாவ்லிக், கப்பல் ஜெயிக்குதா, நம்மாளு ஜெயிக்கிறானா?"

"வாய மூடு ஆர்ட்டி. கப்பல் நல்லாத்தான் போகுது."

ஆக, காசு கொடுத்து டிக்கெட் வாங்கியும், தன் அணியின் பொன்னான தருணங்களில் ஒன்றைக்கூட இந்த மனிதர் கண்ணால் கண்டதில்லை. தோல்விகளை மட்டும் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார்.

ஓரினுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. ஆஜானுபாகுவான உடம்பு, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அந்த வருஷம் நம்ம டீம் நல்லா ஆடிச்சு, அப்புறம் நேரம் கெடைக்கல" என்று சிரிப்பார். எந்த வருஷம் என்று மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. கொக்குகள் தோற்ற மறுநாள் காலையில் அவருடைய மஞ்சள் பேருந்தில் ரேடியோ பாடாது. ஜெயித்த மறுநாள், ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறியதும் வண்டி தானாகவே மெதுவாகிவிடும். ஜன்னல்களுக்கு வெளியே வெயிலில் தண்ணீர் தகதகக்கும். பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகப் போவார்கள். "பாலத்துல ஊர்ந்தாரா?" என்று கேட்டே நேற்றைய முடிவைத் தெரிந்துகொள்ளும் ஆசிரியைகள் அங்கே உண்டு.

அரங்கில் அவருடைய இருக்கை முதல் பேஸின் பக்கம், நடைபாதை ஓரம். அதற்கடுத்த இருக்கை வாலஸுடையது. அதற்கும் அடுத்தது வாலஸின் மனைவி இர்மாவுடையது. வாலஸும் பேருந்து ஓட்டியவர்தான். ஒரே பணிமனை, ஒரே காபி குடுவை, ஒரே அணி. ஒவ்வொரு வசந்தத்திலும் சேர்ந்தாற்போல மூன்று சீசன் டிக்கெட் வாங்குவார். நடுவில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பார். "இந்தப் பக்கம் திரும்பினா பொண்டாட்டிக்கு ஆட்டத்தப் புரிய வைக்கணும், அந்தப் பக்கம் திரும்பினா இந்தப் பைத்தியத்துக்கு உலகத்தப் புரிய வைக்கணும். நடுவுல உக்காந்தாத்தான் ரெண்டு வேலையும் நடக்கும்!"

அந்த வாலஸ் ஒரு குளிர்காலத்தில், பனியை வாரிக்கொண்டிருந்தவர், மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

அடுத்த வசந்தத்திலும் இர்மா மூன்று டிக்கெட்டுகள்தான் வாங்கினாள். "மூணுன்னு கேட்டே பழகிடுச்சு, ஓரின். ரெண்டுன்னு சொல்ல வாய் வரல." நடு இருக்கை காலியாகவே கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஓரின், அந்தப் பக்கம் இர்மா. கடலையை அந்த இருக்கைக்கு மேலாகத்தான் நீட்டிக்கொள்வார்கள். மழை வந்தால் ஒரே குடையை அதற்கு மேலாகப் பிடிப்பார்கள். குடையின் நடுப்பாகம் யாருமில்லாத இருக்கையை நனையாமல் காக்கும்; இவர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு தோள் நனையும்.

இந்த வருஷத்துப் பருவம் வழக்கம்போல அழுகையில்தான் தொடங்கியது. ஏப்ரலில் ஆடுகளத்தின் மேல் பனித்தூவல். மட்டையில் பந்து பட்டால் கண்ணாடி உடைந்ததுபோலக் கேட்டது. கொக்குகள் தோற்றார்கள், மறுபடியும் தோற்றார்கள், எதிரணியே இரக்கப்படும் அளவுக்குத் தோற்றார்கள். ஓரின் மஃப்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இது ஏப்ரல்தான், ஏப்ரல் கணக்குல வராது" என்று முனகினார். மே மாதம் வந்தது. "மே மாசமும் பாதிதான் கணக்கு" என்றார்.

அப்போதுதான் ஒருநாள் பணிமனையின் பழைய அலமாரியைக் காலி செய்கையில் ஓரினுக்கு வாலஸின் தொப்பி அகப்பட்டது. பச்சை நிறம். நெற்றிப் பட்டையில் வியர்வைக் கறை. முன்பக்கத்தில் தைத்திருந்த கொக்குக்குக் கழுத்து நூல் பிரிந்து தொங்கியது. இர்மாவிடம் கொடுப்பதற்காக ஆட்டத்துக்கு எடுத்து வந்தார். வந்தவருக்கு எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. என்ன சொல்லிக் கொடுப்பது? கையில் பிடித்துப் பிடித்துக் கசங்கியதுதான் மிச்சம். கடைசியில் அதை நடு இருக்கையின் மேல் வைத்தார்.

இர்மா பார்த்தாள். ஒரு விரலால் அந்தப் பிரிந்த நூலை நீவிவிட்டாள். மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று கொக்குகள் ஜெயித்தார்கள்!

அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்துக்கும் தொப்பி வந்தது. அதற்கடுத்த ஆட்டத்துக்கும் வந்தது. ஓரின் அதைத் துவைக்கவில்லை. தன் சட்டையையும் துவைக்கவில்லை. நாலாவது இன்னிங்ஸில்தான் கடுகு தடவிய சாஸேஜ் வாங்குவார். பசியில் உயிர் போனாலும் மூன்றாவதில் வாங்க மாட்டார். ஜூலை முழுவதும் அந்த அணி கனவில் ஆடுவதுபோல ஆடியது. மாலை வெயில் ஏரியிலிருந்து சாய்ந்து வந்து புல்லின் மேல் தேனாக வழியும். ஏரிப் பறவைகள் மைதான விளக்குகளைச் சுற்றிவரும். பந்து உயரே போய், கீழே இறங்க மனமில்லாததுபோல் தயங்கும். ஓரினுக்குத் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வரும். பக்கத்தில், ஒரே ஒரு இருக்கை தள்ளி, இர்மா தன்னை மறந்து எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பாள். திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருக்கும். பார்த்தால் நின்றுவிடுமோ என்று ஏரியைப் பார்ப்பார்.

ஏனென்றால் அவருக்கு ஒரே ஒரு வேதம்தான் தெரியும். பந்தெறியும் பிட்சர் ஒருவன் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் எறிந்துகொண்டு போனால், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சக ஆட்டக்காரர்கள் அவன் பக்கத்தில்கூட உட்கார மாட்டார்கள். கண் பட்டுவிடும். பேச்சு பட்டாலோ இன்னும் மோசம். நல்லது நடந்துகொண்டிருக்கும்போது இடத்தை விட்டு அசையாதே, பெயர் சொல்லி அழைக்காதே. மைதானத்தில் படித்த இந்தப் பாடத்தை அந்த மனிதர் வீட்டுக்கும் எடுத்துப் போயிருந்தார். அந்தக் கோடையில் தான் சந்தோஷமாக இருப்பதைத் தன் மனசுக்குள்கூட அவர் வார்த்தையாகச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில், தோற்க வேண்டிய ஒரு ஆட்டத்தைக் கொக்குகள் கடைசி நிமிஷத்தில் பறித்தெடுத்த சாயங்காலம், இர்மா கடலைத் தோலை ஊதிவிட்டபடியே சொன்னாள்.

"என் மக அரிஸோனாவுக்கே வந்துடுங்கறா, ஓரின். தனி ரூம் இருக்காம். பனி வார வேண்டியதில்லையாம். சீசன் முடிஞ்சதும் கெளம்பிடலாம்னு பாக்கறேன்."

ஓரின் ஏரியின் பக்கம் திரும்பினார். "அங்க ரொம்ப வெயில்."

"ஆமா, வெயில்தான். இங்க என்ன இருக்கு, சொல்லுங்க?"

அந்தக் கேள்வியை அவள் நடு இருக்கைக்கு மேலாக, கடலையை நீட்டுவதுபோலத்தான் நீட்டினாள். ஓரின் தொப்பியைப் பார்த்தார். அதை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் எல்லாம் போய்விடும். "கோப்பை ரவுண்டு இருக்கு" என்றார்.

இர்மா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஆமா. அது இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை மூடினாள்.

அன்று ஜெயித்தும், மறுநாள் பாலத்தின் மேல் பேருந்து ஊர்ந்து போகவில்லை. ஆசிரியைகளுக்குக் குழப்பம்.

செப்டம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஆட்டம். ஜெயித்தால் கோப்பைச் சுற்று, தோற்றால் வீட்டுக்கு. கொக்குகளுக்காக எறிந்தவன் முகத்தில் இன்னும் பரு மறையாத ஒரு புதுப்பையன். முதல் இன்னிங்ஸ், இரண்டாவது, மூன்றாவது என்று எதிரணியில் ஒருத்தனும் அவன் பந்தைத் தொட்டு உருப்படவில்லை. ஐந்தாவதுக்குப் பிறகு அரங்கில் பேச்சு குறைந்தது. ஏழாவதில் கடலை விற்பவர் கூவுவதை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார். ஆர்ட்டிகூட வாயைப் பொத்திக்கொண்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். ஏரியிலிருந்து பறவைகள் கூட்டமாக வந்து வெளிமைதானத்துப் புல்லில் வெள்ளை வெள்ளையாக இறங்கின. யாரும் அவற்றை விரட்டவில்லை. முதல் ஆள் அவுட். இன்னும் இரண்டு பேர். ஓரின் வழக்கம்போலக் கழுத்தை வலப்பக்கம் திருப்பினார். ஏரியில் அன்று கப்பலே இல்லை. பார்ப்பதற்கு எதுவும் இல்லாமல், தண்ணீர் வானம்வரைக்கும் வெறுமையாக விரிந்து கிடந்தது.

"செவ்வாய்க்கிழமை வண்டி வருது, சாமான் ஏத்த," என்றாள் இர்மா மெதுவாக. "இன்னிக்கே சொல்லிடறேன். ஜெயிச்சா கூச்சல்ல காதுல விழாது. தோத்தா நீங்க யார்கிட்டயும் பேச மாட்டீங்க."

ஓரின் ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வெறுமை அவர் கண்களுக்குள் வந்து நிறைந்தது. பிறகு அவர் செய்த காரியத்தை அந்தப் பகுதியில் உட்கார்ந்திருந்த ஒருவரும் மறக்கப்போவதில்லை. எழுந்தார். குனிந்து தொப்பியை எடுத்தார்.

பின்னாலிருந்து அலறல் வந்தது. "யோவ்! யோவ் பாவ்லிக்! என்னய்யா பண்ற? எடத்த மாத்தாதய்யா! ரெண்டே ரெண்டு பேருய்யா, உக்காருய்யா!"

"ஆர்ட்டி, கொஞ்சம் சும்மா இரு."

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அந்தப் பையன் இன்னும் ஒரு ஹிட்கூட..." என்று தொடங்கிய ஆர்ட்டி, தானே விதியை மீறிவிட்ட பயத்தில் இரண்டு கைகளாலும் வாயை அடைத்துக்கொண்டார்.

ஓரின் நடு இருக்கையில் உட்கார்ந்தார். மரம் குளிர்ந்திருந்தது. இர்மாவின் தோள் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"இருங்க, இர்மா."

"இருக்கேனே. இன்னும் ரெண்டு பேர் அவுட்டாகணும், அதுவரைக்கும் எங்க போயிடப்போறேன்?"

"அதுக்கப்புறமும் இருங்க." மெல்லிய குரல் இன்னும் மெலிந்து, காற்றோடு போய்விடும்போல் இருந்தது. "பனிய நான் வாரறேன்."

இர்மா கடலைப் பொட்டலத்தை எடுத்தாள். நீட்டுவதற்கு நடுவில் இப்போது இடமில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக, முழங்கால்கள் சேர்ந்த இடத்தில் வைத்தாள்.

மட்டையில் பந்து பட்டது. பளீரென்ற சத்தம். புல்லிலிருந்த பறவைகள் அத்தனையும் ஒரே வீச்சில் மேலே எழும்பின. அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. ஆர்ட்டி பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார். பறவைகளுக்கு நடுவே பந்து எது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான முகங்கள் வானத்தைப் பார்த்தன.

ஓரின் வானத்தையும் பார்க்கவில்லை, ஏரியையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த தொப்பியை எடுத்து, தான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த நடைபாதை ஓரத்து இருக்கையில் வைத்தார். அது பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்த்தி, அதன் முன்விளிம்பை ஆட்டம் தெரியும்படி மைதானத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.