இடது பக்கத்து ஆறு பேர்

என் மனைவிக்கு வலது பக்கம் நிறைந்துவிட்டது, இடது பக்கம்தான் காலியாகக் கிடந்தது. போனில் அவள் இதைச் சொல்லிப் புலம்பியதைக் கேட்ட ஒருவர், எங்கள் கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், சேலத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். வியாதி இல்லைங்க, இன்சூரன்ஸ் என்றேன். அவர் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

விஷயம் இதுதான். நாம் ஒரு பாலிசி எடுக்க வேண்டும். பிறகு நமக்குக் கீழே இடது பக்கம் ஒருவரையும் வலது பக்கம் ஒருவரையும் சேர்க்க வேண்டும். அவர்கள் அவர்களுக்குக் கீழே சேர்ப்பார்கள். இரண்டு பக்கமும் சமமாக இறங்கினால் நமக்குப் பதவி, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், மேடையில் கைதட்டல். உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் ஒரு மேடம் வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டு, அதிலிருந்து கோடு இழுத்து, மறுபடி வட்டம் போட்டுக்கொண்டே போனார். பலகையின் அடி வந்ததும் குனிந்து, கடைசி வட்டங்களைப் பொடிப் பொடியாக வரைந்தார். எனக்கு அந்தப் பொடி வட்டங்கள் மேல்தான் கண். காப்பியிலிருந்து காப்பி எடுத்து, அதிலிருந்து இன்னொரு காப்பி எடுத்தால் எழுத்து வெளிறிப்போகும் என்பது என் தொழில் பாடம். ஆனாலும் எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. இது எப்படித்தான் ஓடுகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது.

அவளுக்கு அது ஆசையாக இல்லை, உயிராக இருந்தது. ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவள், இதற்காக வேலையை விட்டிருந்தாள். வலது பக்கம் முதல் ஆளாகச் சேர்ந்தது மணலூர்பேட்டையில் இருக்கும் அவளுடைய அக்கா. தாய் இல்லாத வீட்டில் இவளுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அந்த அக்காதான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சேர்ந்ததோடு நிற்காமல், தன் ஓரகத்திகள் இருவரையும் சேர்த்துவிட்டாள். இவள் பதவிக்கு வந்தால் அக்காவுக்கும் ஒரு படி ஏற்றம். வராவிட்டால் அக்கா புகுந்த வீட்டில் தலை நிமிர முடியாது. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே "அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்பாள்.

இடது பக்கத்துக்கு ஆள் தேடித்தான் கல்வராயன் மலை ஏறினோம். எங்கள் ஊர் மாவட்டத் தலைநகர் ஆன பிறகு மலையிலிருந்து சான்றிதழுக்கு வருகிறவர்கள் அதிகம், அவர்களில் பாதிப் பேர் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். அப்படி வந்த ஒரு அம்மாவிடம் என் மனைவி பேச்சுக் கொடுத்து ஊரைக் கேட்டு வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் போய் இறங்கி, நடந்து, தேடிக் கண்டுபிடித்தோம். அந்த அம்மா சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். கூடவே வேறு ஐந்து பெண்கள்.

"இன்னாம்மா, இம்மாந் தூரம்? செத்த இரு, இந்தப் பாத்தி முடிச்சிட்டு வர்றேன்" என்றாள்.

ஒரு பாத்தி முடிந்து அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்கள். என் மனைவிக்குச் சும்மா நிற்கத் தெரியாது. கைப்பையை என்னிடம் கொடுத்தாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், ஒரு கதிர் அரிவாளை வாங்கிக்கொண்டு வரிசையில் இறங்கிவிட்டாள். விவசாய வீட்டுப் பெண், கை மறக்கவில்லை. நான் பலா மரத்தடியில் கைப்பைக்குக் காவல். பொழுது சாய்கிற வரைக்கும் அறுத்தாள். பிறகு எல்லோரும் கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தை ஆரம்பித்தாள். வட்டம் போட்டு விளக்க நோட்டை எடுத்தவளை அந்த அம்மா தடுத்தாள்.

"இப்ப நாங்க உன் பக்கம் வரணும், அவ்ளோதானே? வர்றோம்."

ஆறு பேரும் தலையாட்டினார்கள். மறு வாரமே ஆதாரும் பேங்க் புத்தகமும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, முதல் மாதப் பிரீமியம் கட்டி, கையெழுத்தும் கைநாட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். டவுனில் ஒருவரைச் சேர்க்க ஒரு மாதம் அலைந்தவள் அவள். எனக்கு இது புரியவே இல்லை. "எப்டிம்மே இது?" என்று கேட்டேன். "எல்லாம் பேசற விதத்துல இருக்குது" என்றாள். அவள் பேசியதே நாலு வார்த்தை. மேடம் போனில் பாராட்டி, பதவி வந்த மாதிரிதான் என்றார். இரண்டாம் மாதப் பிரீமியமும் ஆறு பேரும் கட்டிவிட்டால் போதும்.

பாலிசிப் பத்திரங்கள் வந்தன. அவற்றைக் கொடுத்துவிட்டு, அடுத்த தவணையையும் நினைவுபடுத்தி வரலாம் என்று மறுபடி மலை ஏறினோம். அந்த அம்மா பத்திரத்தை வாங்கி உறியில் வைத்தாள். தவணை என்றதும் என் மனைவியின் முகத்தையே பார்த்தாள்.

"நாங்கதான் வந்துட்டு போயிட்டோமே. இனிமே நீதானே வரணும்?"

"எங்க வரணும்க்கா?"

"நீ என் காட்டுக்கு ஒரு நாள் வந்த. பதிலுக்கு நாங்க ஆறு பேரு உன் காட்டுக்கு வந்தோம். இன்னும் அஞ்சு பேரு காட்டுக்கு நீ வர வேண்டியது பாக்கி. நீ வந்தா திரும்ப நாங்க வருவோம். நீ வராம நாங்களே வந்துக்கினு இருப்பமா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஊரில் யாரும் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. இன்று இவள் காட்டில் எல்லோரும், நாளை அவள் காட்டில் எல்லோரும். என் மனைவி அரிவாள் பிடித்த அன்றே அந்த முறைக்குள் போய்விட்டாள். இன்சூரன்ஸ் என்பது அவள் காடு என்றும், ஒரு முறை பிரீமியம் கட்டுவது ஒரு நாள் வேலை என்றும் அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவி முறைத்த முறைப்பில் அடக்கிக்கொண்டேன்.

அன்று இரவு மேடத்துக்குப் போன் போட்டாள். "நீங்களே கட்டிடுங்க. வளையல் இருக்கு இல்ல? எல்லாரும் அப்படித்தான் பதவிக்கு வந்தாங்க" என்றார் மேடம். வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. பாவமாக இருந்தது.

பத்திரம் கைக்கு வந்து முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சின்னப் பிடித்தம் போகப் பணம் திரும்பிவிடும். இது அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கூட்டத்தில் சொல்லிக் கொடுத்திருந்ததும் தெரியும். காலையில் வளையலைக் கையில் போட்டுக்கொண்டு, ஆறு விண்ணப்பங்களை எங்கள் கடையிலேயே அடித்து எடுத்தாள். பதவி போகும், வந்த கமிஷனைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

மலையில் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால், அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாங்க வந்தது வாணாமா? திருப்பி அனுப்பறியா?"

"இல்லக்கா, உங்க பணம் வீணாப் போயிடும். அதான்."

"அப்ப நாங்க உன் காட்டுக்கு வரவே இல்லன்னு ஆவுது. நீ வந்த நாள் என் தலையில பாக்கி நிக்குது. நல்லா பண்ண போ!"

முணுமுணுத்துக்கொண்டேதான் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பணம் அவரவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. மேடம் எங்கள் போனை எடுப்பதை விட்டார். அக்கா மட்டும் ஒரு முறை போன் செய்தாள். அவளும் ஓரகத்திகளும் எடுத்த பாலிசிகளுக்கு முப்பது நாள் எப்போதோ தாண்டியிருந்தது. "மலையில இருக்கறவங்களுக்குத் திருப்பிக் குடுத்த. கூடப் பொறந்தவள நட்டாத்துல வுட்டுட்ட" என்றாள். அதன் பிறகு இவள் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

டவுனில் அவள் சேர்த்துவிட்ட ஓரிருவர் பணத்தைக் கேட்டு வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார்கள். கதவு தட்டினாலே என் மனைவி சமையலறைக்குள் போய் நின்றுகொள்ள ஆரம்பித்தாள். மார்கழியில் ஒரு நாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. "இல்லன்னு சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து கையைக் காட்டினாள். திறந்தால் அந்த மலை அம்மா, முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். அரிவாளைத் துணியில் சுற்றி இடுக்கியிருந்தாள்.

"ஒரு நாள் பாக்கி இருக்குதே. இன்னா வேல, சொல்லச் சொல்லு."

ஜெராக்ஸ் மெஷினுக்கு அரிவாள் வைத்து என்ன செய்வது? வாடகை வீடு, முன்னால் ஒரு துளசிச் செடி. நான் விழித்தேன். என் மனைவி வெளியே வந்தாள். இத்தனை மாதத்தில் வாசலுக்கு வந்தவர்களில் பணத்தைத் திருப்பிக் கேட்டு வராத ஒரே ஆள். அவளைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"மணலூர்பேட்டைல எங்கக்காவுக்குக் கரும்பு இருக்குது. சோகை உரிக்க ஆள் கெடைக்கல. என்கூட வர்றியாக்கா? தனியாப் போவ பயமா இருக்குது."

"உனக்குத்தானே பாக்கி. எந்தக் காடுன்னா இன்னா?"

நான் கடையை மூடிவிட்டுக் கூடவே கிளம்பினேன். இதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். என் மனைவி கூப்பிடவில்லை. நேரே வயலுக்குப் போனாள். இருவரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கரும்புக்குள் நுழைந்து காய்ந்த சோகையை உரிக்க ஆரம்பித்தார்கள். நானும் கொஞ்சம் உரித்தேன். கையெல்லாம் அறுத்துவிட்டது, வரப்புக்கு வந்துவிட்டேன்.

மதியம் தாண்டி அக்கா வந்தாள், ஒரு தூக்கில் சோறும் ஒரு குடத்தில் தண்ணீரும். தங்கையின் பக்கம் திரும்பவில்லை. மலை அம்மாவுக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, உரித்து முடித்திருந்த வரிசைகளைப் பார்த்தாள். கூலி எவ்வளவு என்று அவளிடம் கேட்டாள்.

"கூலி எதுக்கு? இந்தப் பொண்ணு என் காட்டுக்கு வந்ததுக்குப் பதிலா வந்தேன். வந்தது உன் காடு. இப்ப நீதான் பாக்கி" என்றாள் மலை அம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

அக்கா இன்னொரு இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். அதைத் தங்கையின் முன்னால் போட்டாள்.

"உங்க காட்டுல அடுத்து இன்னா வேல?" என்று மலை அம்மாவிடம்தான் கேட்டாள்.

"தை மாசம் மரவள்ளிக் கெழங்கு புடுங்கணும்."

"வர்றேன். இவளையும் இட்டுக்கினு வர்றேன்" என்றாள் அக்கா.