சிதம்பரத்துக் கடல்

சிதம்பரத்தில் நான் கடலில் குளித்திருக்கிறேன்; அதுவும் ஆங்கிலத்தில். அந்த ஊரில் கடல் இல்லை என்பது குளித்து முடித்த பிறகுதான் தெரியவந்தது.

அறுபதுகளில், கடலூரில், சாக்பீஸ் தூளோடு ஜன்னல் வழியே கருவாட்டு வாடையும் வந்து உட்காரும் ஆறாம் வகுப்பில்தான் எங்களுக்கு ஆங்கிலம் ஆரம்பித்தது. இறந்த காலம் நடத்தத் தொடங்கியதும் இங்கிலீஷ் சார் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்: திங்கட்கிழமைதோறும் ஒவ்வொருவனும் எழுந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை தான் செய்ததை ஐந்து வாக்கியத்தில் சொல்ல வேண்டும். "நேத்துப் பாடம்" என்போம். என் ஞாயிறு எல்லா வாரமும் ஒன்றுதான்: எழுந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன், மறுபடி சாப்பிட்டேன், தூங்கினேன். பிழையே இருக்காது, கேட்கிறவர்கள்தான் கொட்டாவி விடுவார்கள்.

முன் பெஞ்சு சுல்தானுக்குச் சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாமா இருந்தார். "ஐ வென்ட் டு சிதம்பரம்" என்று அவன் தொடங்கியதுமே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கோபுரம் பார்த்தேன், யானை பார்த்தேன், குதிரை வண்டியில் போனேன் என்று வாரத்துக்கு ஒன்றாக அவன் இறக்க இறக்க எனக்கு வயிறு எரியும். அந்த மாமா கடையைப் பார்க்க ஒன்றுமில்லாத மங்கலம்பேட்டைக்கு மாற்றிக்கொண்டு போகவேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டதுகூட உண்டு.

சிதம்பரத்துப் பள்ளி ஒன்றில் ஆங்கிலப் போட்டி, வகுப்புக்கு ஒருவன், வரும் திங்கட்கிழமை நேத்துப் பாடம் கேட்டுத் தேர்ந்தெடுப்பேன் என்று சார் அறிவித்தார். எனக்குப் போட்டி பெரிதில்லை. சுல்தானின் சிதம்பரத்தைச் சுல்தான் இல்லாமல் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை என் முறை முதலில் வந்தது. "ஐ வென்ட் டு சிதம்பரம், ஐ சா தி டெம்பிள்" வரைக்கும் அவனுடைய சரக்கு. அவன் பார்க்காதது ஒன்று வேண்டுமே? பெரிய ஊர் என்றால் கடல் இருந்தே தீரும் என்று நம்பிய கடலூர்க்காரன், "ஐ பேத்ட் இன் தி சீ" என்றேன்.

சுல்தான் கேலி செய்திருந்தால் தேவலை. கவலையாகக் கேட்டான்: "எந்தப் பக்கம்டா கெடக்குது? எங்க மாமா இத்தினி வருசமா அங்கதான இருக்காரு, ஒரு நாளும் சொல்லலயே."

வகுப்பு சிரித்து முடிக்கும்வரை சார் காத்திருந்தார். "வாக்கியத்துல தப்பு ஒண்ணும் இல்ல, ஒக்காரு. போட்டிக்கு சுல்தான் போவட்டும். அவனுக்கு ஊராவது தெரியும்."

ஓடு வேய்ந்த அந்த வகுப்பறை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் ஸ்டாண்டு. சாரும் இல்லை, நேற்று என்ன செய்தாய் என்று என்னை யாரும் கேட்பதும் இல்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சுல்தான் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்து நான் புழுங்கிய புழுக்கத்தையெல்லாம் ஒருவழியாகக் கொட்டித் தீர்த்தேன். அவன் பிரியாணியிலிருந்து தலை நிமிரவில்லை.

"யானையாவது பூனையாவது மச்சான். காலையிலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் அந்த ஆளு கடையில துணி மடிச்சேன். அதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியல."