சம்பந்திக்கு ஒரு வேட்டை ஜாக்கெட்

"வேட்டைக்குப் போற டிரெஸ் இருக்குங்களா?"

இந்த வருஷம் சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெடிமேட் கடையில் நான் கேட்ட கேள்வி இது. எனக்கு வயது ஐம்பத்தாறு. மூக்குக் கண்ணாடி. மிதமான தொப்பை. ஈ அடிப்பதற்கே இரண்டு தடவை யோசிக்கிற ஆள்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் மச்சானைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"என்ன வேட்டைங்க சார்?"

"மான்!" என்றார் மச்சான், கடை முழுக்கக் கேட்கும்படி.

பனியன் எடுத்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பினார்கள். மானைத் தொட்டால் நம் ஊரில் ஜெயில் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "எந்த ஊருங்க?" என்றார். "கொண்டப்பநாயக்கன்பட்டி" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் ஏற்காட்டு மலை; காடு கூப்பிடு தூரம்.

"வேண்டாங்க சார்... குடும்பஸ்தரா இருக்கீங்க" என்றார் அவர், மிகுந்த வருத்தத்தோடு.

இரண்டு பேரும் வெளியே வந்து, கரும்பு ஜூஸ் வண்டி நிழலில் நின்று, வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் மச்சான் முகம் சுருங்கிவிட்டது. "இப்ப என்னங்க மாப்ள பண்றது? கலியாணத்துக்கு முழுசா ஒரு மாசங்கூட இல்லீங்களே!"

விஷயம் இதுதான். மச்சான் என்றால் என் மனைவி பூங்கொடியின் அண்ணன் — செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் வண்டி வைத்து போர்வெல் போடுகிறவர். அவருடைய ஒரே மகள் சௌமியா அமெரிக்காவில் விஸ்கான்சின் என்கிற மாநிலத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே பென் என்ற பையனை விரும்பினாள். மச்சான் இரண்டு வருஷம் முரண்டு பிடித்தார். பிறகு ஒருநாள், என்ன தோன்றியதோ, சரி என்றார். கல்யாணம் திருச்செங்கோட்டில். பையனின் அப்பா அம்மாவும் வருகிறார்கள்.

சம்பந்திக்கு முறைப்படி வேட்டி சட்டை எடுத்து வைக்க வேண்டும். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேட்டி குடுத்தா ஒரு நாளைக்குக் கட்டி போட்டோ புடிச்சுட்டுப் பொட்டியில போட்ருவாருங்க. அவுரு ஆசையா எடுத்துப் போடற மாதிரி ஒண்ணு குடுக்கோணும்."

சம்பந்தியின் பெயர் கேரி. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். அவருக்கு என்ன பிடிக்கும் என்று மகளிடம் விசாரித்ததில் ஒரே பதில்தான் வந்தது. வேட்டை! அங்கே அதற்கு லைசென்ஸ் உண்டு, சீசன் உண்டு. நவம்பர் வந்தால் மனிதர் பனியில் போய் மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவாராம்.

அமெரிக்க வேட்டைக்காரருக்கு சேலத்தில் பரிசு தேடுவது எப்படி என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லை. அதனால்தான் மச்சான் என்னைத் தேடி வந்தார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னும் நம்புகிற சிலரில் அவர் ஒருவர்.

ஜூஸ் வண்டி நிழலிலிருந்தே சௌமியாவைக் கூப்பிட்டேன். அங்கே நடு ராத்திரி; எழுப்பித்தான் கேட்டோம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, இலை போட்ட பச்சை டிரெஸ் எல்லாம் வேண்டாம். அது அவர்கிட்ட அலமாரி நிறைய இருக்கு. கத்தி, டார்ச், பைனாகுலர் எல்லாம் ரெண்டு ரெண்டு இருக்கு. கம்முனு வேட்டியே எடுங்க."

"வேற என்னதாம்மா போடுவாரு?"

"மேல ஆரஞ்ச் ஜாக்கெட் போட்டாகணும் மாமா. சட்டம். நம்ம ரிக்ல அண்ணனுங்க போடற மாதிரி, பளீர்னு."

"ஆரஞ்சா? மான் பார்த்துடாதா?"

"மானுக்கு அந்தக் கலர் சரியாத் தெரியாது. ஆனா இன்னொரு வேட்டைக்காரனுக்குத் தெரியணும்ல? மான்னு நெனச்சு சுட்டுட்டா?"

மச்சான் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அது மானைப் புடிக்கற துணி இல்ல சாமி. ஆளைக் காப்பாத்தற துணி."

"ஆமாங்ப்பா."

"அதத்தான் குடுக்கறோம்" என்றார். முடிந்தது. இனி அந்த மனிதரை எந்த ரிக் வைத்தும் அசைக்க முடியாது.

பூங்கொடி கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்ணா, சம்பந்திக்கு ரிக் பசங்க யூனிஃபார்மையா தட்டுல வெச்சுக் குடுப்பீங்க? சனம் சிரிக்காதுங்களா?" மச்சான் காதில் விழுந்தால்தானே? ரிக் ஆட்களுக்கு உடுப்பு தைக்கும் டெய்லர் அங்கமுத்துவிடம் போய்விட்டார்.

சௌமியா வாட்ஸ்அப்பில் அளவு அனுப்பினாள். அங்கமுத்து அதை மூன்று தடவை படித்தார். "இது ஆளுங்களா, வண்டிங்களா?" என்றார். ஆறே கால் அடி உயரம், அதற்கேற்ற அகலம். நம் ஊர் டபுள் எக்ஸெல் அவருக்குக் கைக்குட்டை.

முதல் ஜாக்கெட் மழைக்கோட்டுத் துணியில் வந்தது. அருமையான ஆரஞ்ச். ஆனால் கையைத் தூக்கினாலே சரசர, சரசர... வேட்டைத் துணியில் சத்தமே வரக் கூடாதாம். மச்சான் ஒரு முடிவுக்கு வந்தார்.

"மாப்ள, நீங்க மான். அந்தச் செவுத்தைப் பாத்து நில்லுங்க. நான் பின்னாடி வாரேன். சத்தம் கேட்டா திரும்போணும்."

நான் மானாக நின்றேன். திருச்செங்கோட்டில், ரிக் ஷெட்டில், பட்டப்பகலில். டிரில்லர், டிரைவர், கணக்குப் பிள்ளை எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்று பார்த்தார்கள். ஐந்து தடவை வந்தார். ஐந்து தடவையும் கண்டுபிடித்தேன். ஆறாவது தடவை சத்தமே இல்லை... அசந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மச்சான் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வெறும் பனியனோடு பதுங்கி வந்திருக்கிறார்! டிரைவர் கீழே உட்கார்ந்து சிரித்தார்.

இரண்டாவது ஜாக்கெட் ஈரோட்டில் தேடிப் பிடித்த தடித்த காட்டன். சாயம் போட்டு வாங்கியது. இழுத்தால் 'பர்ர்ர்' என்று கத்தும் வெல்க்ரோ ஒட்டுப் பட்டையை எடுத்துவிட்டுப் பெரிய பெரிய பட்டன் — கையுறையோடு போடத் தோதாக. உள்ளே கம்பளி. அந்தக் கம்பளிக்காக, மலைக்கு டூர் போகிறவர்களுக்குக் குரங்குக் குல்லா விற்கும் எங்கள் தெருமுனைக் கடையையே புரட்டிப் போட்டோம்.

பனிக்கு இது தாங்குமா? சித்திரையில், சேலத்தில், இதை எப்படித்தான் சோதிப்பது?

மச்சானிடம் அதற்கும் வழி இருந்தது. நாமக்கல் ரோட்டில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி. அவர்களுக்கு போர் போட்டுத் தண்ணீர் கண்டது மச்சான்தான். சரக்கு வைக்கிற குளிர் அறையைத் திறந்துவிட்டார்கள். மச்சான் ஜாக்கெட்டில் மூழ்கி, இரண்டு கையும் எங்கே என்று தெரியாமல் உள்ளே போனார். நான் பூங்கொடியின் சால்வையையும் ஒரு குரங்குக் குல்லாவையும் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். சுற்றிலும் குல்ஃபி, கசாட்டா.

"வேட்டைக்காரரு அசையாம உக்காந்திருப்பாராமா. நாமும் உக்காரோணும்" என்றார்.

உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷத்தில் என் மூக்கு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பத்தாவது நிமிஷம் மச்சான் பேச ஆரம்பித்தார்.

"நல்லா சூடா இருக்குதுங்க மாப்ள."

"அ-அப்ப போலாங்களா மச்சான்?"

அவர் எழவில்லை. பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு வருசம் புள்ள ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போன் பண்ணுவாளுங்க. நான் எடுக்க மாட்டன். ரிங் போயி நிக்கற வரைக்கும் கையில வெச்சுப் பாத்துட்டே இருப்பன். அவ்வளவு கொழுப்பு எனக்கு."

என் பற்கள் தந்தியடித்தன. ஆனால் இந்த இடத்தில் ஒருவன் எழுந்து கதவைத் தட்ட முடியுமா?

"ரெண்டு வருசமும் ஊருக்கு வராம அங்கியே கெடந்தா. லீவுன்னா இந்தக் கேரி ஊட்டுக்குத்தான் போயிருக்கறா. மொதப் பனியில அவகிட்ட நல்ல கோட்டு இல்லீங்களாமா. இவுருதான் கடைக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்துக் குடுத்திருக்கறாரு. அப்ப பையனைக் கட்டறதுன்னு முடிவுகூட ஆகலீங்க. யாரோ ஒரு புள்ள... குளுருதுன்னு எடுத்துக் குடுத்திருக்கறாரு. போன தீவாளிக்குத்தான் எஞ்சம்சாரம் இதச் சொன்னா. அடுத்த ஞாயித்துக்கெழமை போனை எடுத்தனுங்க."

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை ஸ்லீவுக்குள் எங்கேயோ இருந்தது. ஆரஞ்ச் துணியாலேயே துடைத்துக்கொண்டார்.

"எனக்கு அவுரு பாசை தெரியாது. அவுருக்கு நம்ம பாசை தெரியாது. இதைக் குடுத்தா அவுருக்குப் புரியுமுங்களா மாப்ள?"

"பு-பு-புரியும் மச்சான்" என்றேன். அழுகை பாதி, ஐஸ் பாதி. வெளியே வந்து வெயிலில் நின்றபோது, வாழ்க்கையில் முதல் முறையாக நாமக்கல் வெயிலுக்கு நன்றி சொன்னேன்.

நம் வீட்டுக் கல்யாணங்களில் பரிசு கொடுப்பது எப்படி? கடையில் எது கண்ணில் படுகிறதோ அது. என் கல்யாணத்துக்கு ஏழு சுவர்க் கடிகாரம் வந்தது. ஏழும் வேறு வேறு நேரம் காட்டியது. கொடுத்த ஏழு பேரில் ஒருவராவது, இந்த ஆள் எதற்கு பயப்படுவான், எங்கே போய் உட்காருவான், அவனுக்குக் குளிருமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பாரா? நான் மட்டும் யோசித்தேனா? நானும் ஊரெல்லாம் கடிகாரம் கொடுத்தவன்தான்!

கல்யாணம் வந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். சம்பந்தி மரியாதைக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், தேங்காய், நடுவில் பட்டுத் துணி சுற்றிய மூட்டை. மச்சான் நீட்டினார். கேரி வாங்கிப் பிரித்தார். ஆரஞ்ச் வெளியே வந்ததும் கூட்டத்தில் கசமுசா. "என்னப்பா, சாமியாருக்குக் குடுக்கற காவியா?" என்று ஒரு குரல். பூங்கொடி தரையைப் பார்த்தாள்.

கேரி துணியைத் தடவினார். கசக்கி, காதில் வைத்துக் கேட்டார். பட்டன்களைப் பார்த்தார். உள்ளே கையை விட்டுக் கம்பளியை அழுத்தினார். பிறகு அந்த வெயில் காலத்தில், பட்டுச் சட்டைக்கு மேல், அதை மாட்டிக்கொண்டு மொத்தப் பட்டனையும் போட்டார். அளவு அச்சாக இருந்தது!

என்னைப் பார்த்து அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "எனக்குத் துப்பாக்கி உறை கொடுத்திருக்கிறார்கள், கத்தி கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் நண்பர்கள் கொடுத்தது. ஆரஞ்ச் ஜாக்கெட்டை மட்டும் இதுவரை என் மனைவிதான் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பி வர வேண்டும் என்பதற்காக."

மச்சானிடம் சொன்னேன். மச்சான் என் தோளைப் பிடித்தார். "எம்புள்ளைக்குக் குளுருல கோட்டு எடுத்துக் குடுத்தீங்கன்னு சொல்லுங்க மாப்ள..." நான் சொல்லி முடிப்பதற்குள் கேரி அவரைக் கட்டிப் பிடித்துவிட்டார். சௌமியா மணவறையிலேயே அழுதாள், மையெல்லாம் கன்னத்தில்.

கட்டிப் பிடித்த கேரி திரும்பி நின்றபோதுதான் கூட்டம் 'ஓ'வென்று சிரித்தது. முதுகில் பெரிய கறுப்பு எழுத்தில், மச்சானின் போர்வெல் கம்பெனிப் பெயர், ஊர்ப் பெயரோடு! கடைசியாக இஸ்திரி போடக் கொடுத்தபோது அங்கமுத்து தைத்திருக்கிறார். மூலையிலிருந்து பரிதாபமாகக் கத்தினார்: "கம்பெனி ஆர்டருன்னா பேரு இல்லாம அனுப்புனதே இல்லீங்க!"

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் கேரி, வியர்வை சொட்டச் சொட்ட.

"எங்கள் குடும்பப் பெயர்" என்றேன். பெரிய பொய் இல்லை.

கேரியும் ஒரு பெட்டி கொடுத்தார். மச்சான் ஆவலாகத் திறந்தார். குலுக்கினால் சூடாகும் சின்னச் சின்ன பாக்கெட்டுகள், நாற்பது. பனியில் உட்காரும் வேட்டைக்காரர்கள் கையுறைக்குள் வைத்துக்கொள்வது. சொந்த அனுபவத்தில் இதைவிட உயர்ந்த பொருள் உலகத்தில் இல்லை என்றார் கேரி. அடுப்பு மாதிரி கொதிக்கிற திருச்செங்கோட்டுக்குக் கை சூடேற்றும் பாக்கெட்! மச்சான் ஒரு பாக்கெட்டைக் குலுக்கி, மரியாதையாக இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார், சாப்பாட்டுப் பந்தி வரைக்கும். மிச்சம் முழங்கால் வலிக்குக் கட்டிக்கொள்கிறாராம். தைலத்தைவிட நல்ல வேலை செய்கிறது என்று கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வீட்டில் இருந்தேன். கேரி வீடியோவில் வந்தார். அங்கே சனிக்கிழமை சாயங்காலம், வேட்டை சீசன். வீட்டு வாசலில் முழங்கால் பனி. அதில் பளீர் ஆரஞ்சில் நிற்கிறார்.

"ஏதாச்சும் கெடச்சுதான்னு கேளுங்க மாப்ள."

கேட்டேன். ஒரு வாரமாக உட்கார்ந்தும் ஒன்றும் சிக்கவில்லையாம். ஒரே ஒரு மான் பக்கத்தில் வந்ததாம். நின்று, அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓடிவிட்டதாம். ஆனால் கொஞ்சங்கூடக் குளிரவில்லை என்றார்.

நான் தமிழில் சொன்னதும் மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் பல்.

"ராசியான ஜாக்கெட்டுங்க மாப்ள! சம்பந்திக்கும் ஒண்ணும் ஆகல... மானுக்கும் ஒண்ணும் ஆகல!"