மாப்பிள்ளையின் கிரேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளை ஒருவரின் வேலைத்தலத்தைப் பார்க்கப் போனேன். வேலைத்தலம் நகர மண்டபத்தில் இருந்தது. மேசை மேல். கண்ணாடிப் பெட்டிக்குள்!

குழம்ப வேண்டாம். சொல்கிறேன்.

அன்புவழிபுரத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் சிவஞானம். தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். எந்த மாப்பிள்ளையானாலும் அவன் வேலை செய்யும் இடத்தை நேரில் பார்க்காமல் பெண் கொடுக்க மாட்டார். அது அவர்கள் குடும்ப வழக்கம். மூத்த மருமகனுக்காகப் பதுளை வரை ரயிலேறிப் போய், கந்தோரில் அவருடைய கதிரையை அசைத்துப் பார்த்துவிட்டு வந்தவர் என்றால் பாருங்களேன்.

இளையவள் வசந்தி, மூதூர் போகும் லாஞ்சுப் படகில் எஞ்சின் பார்க்கும் யோகனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சல்லி ஊர்ப் பையன். தங்கமான பிள்ளை. ஆனால் ஆடுகிற லாஞ்சை நம்பிப் பெண் கொடுப்பதா? முடியவே முடியாது என்றார் சிவஞானம்.

அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்தது துறைமுக நகரத் திட்டம். கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு யோகன் தெரிவானான்.

"அப்ப அந்தக் கிரேனைப் பாப்பம்" என்றார் சிவஞானம்.

கிரேன் எங்கே இருக்கிறது? இன்னும் ஒரு கல்கூட வைக்கவில்லையே... இருப்பதெல்லாம் நகர மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருந்த திட்டத்தின் மாதிரி உரு ஒன்றுதான்.

"பரவாயில்லை, அதைப் பாப்பம். நீங்களும் வாங்கோ. பேப்பரில எழுதுறவர், பொய்யெண்டால் உங்களுக்கு உடன தெரியும்" என்றார் என்னிடம். பாராட்டா, குத்தலா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நல்ல நேரம் பார்த்துக் குடும்பத்தோடு புறப்பட்டோம் — பட்டு வேட்டி, சால்வை, ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் சகிதம். யோகன் எங்களுக்கு முன்பே வந்து மண்டப வாசலில் நின்றான்.

நான் கேலி செய்யும் எண்ணத்தோடுதான் போனேன். உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம்முடையது என்று பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் நான். வெள்ளைக்காரனின் கடற்படை மூட்டை கட்டிப் போன பிறகு, அந்தச் சிறந்த துறைமுகத்தில் பாதிக்குக் காகங்கள்தான் காவல்.

உள்ளே போனேன். கேலி மறந்துபோயிற்று.

உள்துறைமுகம் நீலமாக விரிந்து கிடக்கிறது. கரை நெடுக இறங்குதுறைகள், கிரேன்கள், பண்டகசாலைகள், அகல வீதிகள், மாடி வீடுகள்... நெருப்புப்பெட்டி அளவில் கப்பல்கள். அங்கிருந்த அதிகாரி ஒரு சுவிட்சைத் தட்டினார். கரை முழுவதும் குட்டிக் குட்டி விளக்குகள் எரிந்தன. கூட்டமே "ஆ!" என்றது. நானும்தான். எங்கள் ஊரா இது? உண்மையைச் சொல்கிறேன், உடம்பு புல்லரித்துவிட்டது.

சிவஞானம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலில்தான் அப்படிச் செய்வார்.

"தம்பி, எது உங்கட கிரேன்?"

யோகன் வியர்க்க வியர்க்கக் கண்ணாடியில் விரலை வைத்தான். "இந்த ரெண்டாவது, ஐயா."

"வெயில் படாதோ?"

"மேல கூடு இருக்கு, ஐயா."

"காத்துக்கு ஆடாதோ?"

"ஆடாது, ஐயா."

சிவஞானம் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அதிகாரியிடம் கேட்டார். "இது எப்ப முடியும்?"

"எல்லாம் முடியப் பத்து வருஷமாவது செல்லும், ஐயா."

சிவஞானத்தின் முகம் மாறியது. "நல்லது. கிரேன் வரட்டும். அதுக்குப் பிறகு கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம்."

யோகன் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவன் பக்கம் பார்க்கவே என்னால் முடியவில்லை. தாயின் பின்னால் நின்ற வசந்தி முன்னுக்கு வந்தாள்.

"அப்பா, இவ்வளவு பெரிய துறைமுகம் வரும் எண்டு நம்புறியள். உங்கட மகளை வடிவாப் பாத்துக்கொள்ளுவன் எண்டு ஒரு மனிசன் சொல்லுறதை நம்ப ஏலாதோ?"

சிவஞானத்தின் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு நான் கேட்டதில்லை. இதுவோ ஊர் கூடியிருக்கும் மண்டபம்!

அவர் மகளைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தார். "அந்த லைற்றை இன்னொருக்காப் போடுங்கோ, தம்பி" என்றார் அதிகாரியிடம். விளக்குகள் எரிந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாழைப்பழச் சீப்பை எடுத்து யோகனின் கையில் கொடுத்தார்.

"வாற வைகாசியில நாள் பாப்பம்."

பெரிய திட்டம் எதைக் கண்டாலும் 'முதலில் செய்து காட்டட்டும், பிறகு நம்புகிறோம்' என்பது நம் பழக்கம். இந்தப் பத்தியிலேயே நானும் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆனால் யாராவது முதலில் நம்பாமல் எதுதான் தொடங்கும்?

துறைமுகத் திட்டத்தில் வேலை ஏதும் ஆரம்பித்துவிட்டதா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். ஓம், எங்கள் ஒழுங்கையில் கலியாணப் பந்தல் போடுகிறார்கள்.