நெஞ்சு வரை மண்

அச்சுவேலியில் துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த காலம் அது. விடிந்ததும் நான் தண்டால் எடுத்துக் கர்லாக்கட்டை சுழற்றுவேன். அதே நேரம் என் மனைவி செல்லம்மா கண்ணை மூடித் தியானத்தில் இருப்பாள். "நீங்களும் இருந்து பாருங்கோவன்" என்பாள். இருந்தால் என் மனம் ஓரிடத்தில் நில்லாது.

ஒரு கோடையில் சேறு அள்ளத் தோட்டக் கிணற்றில் இறங்கினேன். ஒரு பக்கச் சுவர் சரிந்து என்னை நெஞ்சு வரை புதைத்துவிட்டது. பலமெல்லாம் திரட்டி மேலே எழும்ப உன்னினேன். உன்ன உன்ன மேலிருந்து இன்னும் மண் கொட்டியது. மூச்சு முட்டியது. செத்தேன் என்றே நினைத்தேன்.

சத்தம் கேட்டு வந்த அயலவர்கள் கயிறும் மண்வெட்டியும் எடுக்க ஓடினார்கள். செல்லம்மா கிணற்றின் மேலே ஒரு பலகையில் குப்புறப் படுத்து என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அசையாதேங்கோ. மூச்சு போறதையும் வாறதையும் மட்டும் பாருங்கோ."

"ஏலாது. பயமாக் கிடக்கு."

"பயம் இருக்கட்டும். நீங்கள் மூச்சைப் பாருங்கோ. நான் இஞ்சைதான் இருக்கிறன்."

பார்த்தேன். மனம் ஓடும்போதெல்லாம் அவள் குரல் திருப்பிக் கொண்டுவந்தது. மெல்ல மெல்ல உடம்பு அடங்கியது. மண் கொட்டுவதும் நின்றது. வெயில் சாய்ந்த பிறகுதான் என்னைத் தோண்டி எடுத்தார்கள்.

"உமக்குப் பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"என்னை மண் மூடேல்லைத்தானே" என்றாள். ஆனால் மண் எல்லாம் போன பிறகும் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பலமான உடம்பு என்றபடியால்தான் மண்ணைத் தாங்கியது என்று ஊரில் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் சும்மா இருப்பதற்கும் பலம் வேண்டும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.