அடுத்த தேர்தல் வரை

என் மாமனார் எங்கள் வீட்டு அழைப்பு மணியை ஒருநாளும் அழுத்தியதில்லை. பூங்காவில் நடந்துவிட்டு வந்தால், விரல் மூட்டால் கதவை மெல்லத் தட்டுவார். தட்டிய கையோடு படியிறங்கி, நடைபாதையில் தள்ளிப்போய் நின்றுகொள்வார். சாவி அவர் கோட்டுப் பையிலேயே இருக்கும். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பகலெல்லாம் கைக்குழந்தையோடு தனியாக இருக்கப் பயந்து, வாசலில் ஒரு கேமரா வைக்கச் சொல்லியிருந்தேன். வாசலில் யார் நின்றாலும் என் போனில் தெரியும். மாமா வந்தால் மட்டும் படம் சரியாக விழாது. கார் நிற்கும் பக்கமாக ஒதுங்கி, கைகளைத் தொங்கவிட்டு நிற்பார். பூந்தொட்டி இருக்கிற மறுபாதி வெறுமையாகக் கிடக்கும். கேமராவைத்தான் கோணலாகப் பொருத்திவிட்டோம் என்று நினைத்து, என் கணவரை ஏணியில் ஏற்றித் திருப்பி வைக்கச் சொன்னேன். மறுநாள் மாமா இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்.

"ஏன் மாமா மழையில நனைஞ்சுட்டு அங்க நிக்கறீங்க? சாவிதான் இருக்கே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கதவத் தொறக்கறவங்களுக்கு நம்ம ரெண்டு கையும் தெரியோணும் அம்மிணி. மூஞ்சிக்கு நேரா நின்னா பயந்துக்குவாங்க."

"உங்களப் பாத்து நான் எதுக்கு மாமா பயப்படப் போறேன்?"

"நீங்க எல்லாத்துக்கும்தான் பயப்படறீங்களே," என்று சொல்லிவிட்டு, ஈரக் கோட்டைக் கழற்றி வெளியிலேயே உதறினார்.

அது கட்சிப் பழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. திருப்பூர் பக்கத்திலிருந்து இளவயதில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நெசவாலை ஊருக்கு வேலைக்குப் போனவர் அவர். குளிரும் தனிமையுமாகக் கழிந்த முதல் வருடத்தில் அவர் கதவை யாருமே தட்டவில்லையாம். முதன்முதலாகத் தட்டியவர் ஓட்டுக் கேட்டு வந்த ஒரு கட்சிக்காரர். வீட்டில் வெந்நீர் வருகிறதா என்று அவர் விசாரித்தாராம். அந்த ஒரு கேள்விக்காக மாமா அந்தக் கட்சியில் சேர்ந்து, நாற்பது வருடம் மற்றவர்கள் கதவைத் தட்டினார். தட்டப் போகும்போதெல்லாம் கூடவே போனவர் அதே ஊரில் மருத்துவராக இருந்த சென்னைக்காரர். எங்கள் வீட்டில் அவருக்கு டாக்டர் அங்கிள் என்று பெயர். மாமா தட்டிவிட்டு ஒரு பக்கம் ஒதுங்குவார், டாக்டர் மறுபக்கம் நின்று யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று குறித்துக்கொள்வார். என் கணவரின் சிறுவயது சனிக்கிழமைகள் எல்லாம் அவர்கள் இருவரின் பின்னால் துண்டுப் பிரசுரங்களைச் சுமந்து நடந்ததாகவே இருந்திருக்கின்றன.

இங்கே ஒரு கோடையில், உள்ளூர்த் தேர்தலுக்காகக் கல்லூரிப் பெண் ஒருத்தி எங்கள் வாசலுக்கு வந்தாள். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் போனில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அப்போது குடியுரிமை வாங்கியிருக்கவில்லை. ஓட்டும் இல்லை, பேச்சும் வேண்டாம், போய்விடுவாள் என்று இருந்தேன். சமையலறையிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

"ஆளு இருக்கறது தெரியாம இருக்கோணும்னா டிவிய நிறுத்தியிருக்கோணும் அம்மிணி," என்றார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு போய்க் கதவைத் திறந்தார். எங்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லித் தண்ணீரைக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை அந்தத் தெருவில் எந்த வீட்டில் நாய் இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வந்தபோது அவர் முகம் ஊருக்குப் போய்வந்தது போல இருந்தது. "அந்தப் புள்ள தட்டிட்டுக் கதவ ஒட்டிட்டே நிக்குது, பாவம். யாரும் சொல்லித் தரல போல," என்றார்.

அவர் இங்கிலாந்தை விட்டுக் கடல் தாண்டி எங்களோடு வந்து சேர்ந்ததற்கு மாமியார் இறந்ததைத்தான் எல்லோரிடமும் காரணமாகச் சொல்வோம். இன்னொரு காரணத்தை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பூங்காவில், மகளை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் சொன்னார். ஐரோப்பாவோடு இருப்பதா, பிரிவதா என்று அந்த நாடு முழுக்க ஓட்டுப் போட்ட வருடம் அது. இருக்க வேண்டும் என்று மாமாவும் டாக்டரும் தெருத்தெருவாகப் போய்க் கேட்டார்கள். நாற்பது வருடமாகத் தேநீர் கொடுத்த வீடுகளே முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிரிவது என்று முடிவு வந்தது. முடிவு வந்த கையோடு கட்சிக்குள் தீப்பற்றியது. தலைவர் மனதார உழைக்கவில்லை, அவர் இறங்க வேண்டும் என்று எம்.பி.க்கள் ஒருவர் பின் ஒருவராகப் பதவி விலகினார்கள். தொண்டர்கள் தேர்ந்தெடுத்த தலைவரை நீங்கள் யார் இறக்குவதற்கு என்று இன்னொரு பாதி கொதித்தது. ஒவ்வொரு ஊர்க் கிளையும் தன் முடிவைச் சொல்ல வேண்டியிருந்தது.

மாமாதான் அவர்கள் கிளைக்குத் தலைமை. ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில் கூட்டம். தலைவர் விலக வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே டாக்டர்தான். பல வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் துரோகி என்று கத்தினார்களாம். கை தூக்கச் சொல்லி எண்ணியபோது இரண்டு பக்கமும் சரிசமமாக வந்தது. அப்படி வந்தால் தலைமை வகிப்பவர் தன் ஓட்டைப் போட வேண்டும். அதற்கு ஒரு மரபு இருந்தது. தலைமை வகிப்பவர் தன் விருப்பத்துக்குப் போடக் கூடாது. இருப்பதை இருக்கிறபடி வைக்கும் பக்கமே போட வேண்டும். ஏன் போட்டேன் என்று விளக்கவும் கூடாது. மாமாவும் தலைவர் விலகுவதைத்தான் விரும்பினார். ஆனால் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கினார்.

"வெளிய கார்கிட்ட வெச்சு டாக்டர் சொன்னாரு, இனிமே என் வீட்டுப் படி ஏறாதடான்னு. எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க."

"நீங்க அப்புறமாவது போய்ச் சொல்லியிருக்கலாமே மாமா? இன்னிக்குக்கூட நான் போன் பண்ணித் தரேன்."

ஊஞ்சல் திரும்பி வந்ததும் பிடித்து மெதுவாகத் தள்ளினார். "வேண்டாம்னு சொன்ன வீட்ட மறுபடி தட்டக் கூடாது அம்மிணி. அது அவங்களுக்குக் குடுக்கற மரியாதை. அடுத்த தேர்தலுக்குத்தான் போகோணும்."

கட்சியில் அது நல்ல விதிதான். மறுத்தவர்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் அடுத்த முறை முகம் கொடுத்துப் பேசுவார்கள். ஆனால் அதை அவர் தன் நண்பனுக்கும் பொருத்திக்கொண்டார். வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய கடைசி நாளில்கூட டாக்டரின் தெருவுக்குப் போயிருக்கிறார். கேட் வரை போய், திரும்பி வந்துவிட்டார். ஒரு மனிதரை இழக்கும் அளவுக்கு மரியாதை எதற்கு என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் மருமகள் எவ்வளவு பேசலாம் என்று தெரியாமல் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தேன்.

நாங்கள் பேசிய பிறகு அந்த நாட்டில் அடுத்த பொதுத் தேர்தல் வந்தது. கட்சி மோசமாகத் தோற்றது. எந்தத் தலைவருக்காக அவர்கள் பிரிந்தார்களோ, அவரே விலகிப் போனார். அன்று முழுவதும் மாமா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவியலுக்குக் காய் நறுக்குவது போல் பார்த்துக்கொண்டிருந்தேன். "தேர்தல் வந்துருச்சே மாமா," என்றேன். "தோத்த அன்னிக்குப் போய் நின்னா, நான் சொன்னது சரிதானேன்னு அவர் கேக்க வேண்டி வரும். அது அவருக்குத்தான் கஷ்டம். இன்னொரு தேர்தல் வரட்டும்," என்றார். அதற்கடுத்த தேர்தலில் அவர்கள் கட்சி ஜெயித்தது. அப்போது அவர் மருத்துவமனையில் இருந்தார். நான் முடிவைச் சொன்னேன். தலையசைத்தார். காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் கையிலிருந்த போனை எடுத்து நானே டாக்டரை அழைத்திருக்கலாமா, அழைத்திருந்தால் அது அவர் சொல்லை மீறியதாகியிருக்குமா என்று இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டே அந்த வாரம் போய்விட்டது. அவரும் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, என் மகன் பிறந்து, இந்த வசந்தத்தில் டாக்டர் அங்கிள் வந்தார். இதே நாட்டில் தெற்கே இர்விங்கில் இருக்கும் தன் மகன் வீட்டுக்கு வந்தவர், அங்கிருந்து எங்களைப் பார்ப்பதற்காகவே விமானத்தில் வந்திருந்தார். காலையிலிருந்து எனக்கு ஒரே பதற்றம். காபியில் சர்க்கரை போடலாமா, மாமாவின் படத்தைக் கூடத்திலேயே வைக்கலாமா, உண்மையைச் சொல்லலாமா, சொன்னால் இந்த வயதில் தாங்குவாரா என்று சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போது கதவு தட்டப்பட்டது. மணி அடிக்கவில்லை. என் மகள் விளையாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, தட்ஸ் தாத்தாஸ் நாக்," என்றாள்.

மெலிந்த, உயரமான மனிதர். மாமாவின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, "தடியா, கண்ணாடிய மாத்தவே இல்ல பாரு," என்று அதட்டினார். காபியைப் பாதி குடித்தார். நான் இனியும் தாங்க முடியாமல், அந்தக் கூட்டத்தில் மாமா தன் விருப்பத்துக்கு ஓட்டுப் போடவில்லை என்பதைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா."

"தெரியுமா அங்கிள்?"

"சேர்மன் எந்தப் பக்கம் போடணும்னு எனக்குத் தெரியாதா? அவன் கை தூக்கும்போதே தெரியும். கோவத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். மறுநாள் காலைல வருவான்னு நெனச்சேன். எத்தன வீட்ல கதவ மூஞ்சில சாத்தியிருப்பாங்க, சிரிச்சிக்கிட்டே வருவான். எங்கிட்ட மட்டும் ஏன்மா ரோஷம்?"

"ரோஷம் இல்ல அங்கிள். வேண்டாம்னு சொன்ன வீட்ட அடுத்த தேர்தல் வரைக்கும் தட்டக் கூடாதுன்னு சொன்னாரு."

அவர் கப்பைக் கீழே வைத்தார். அதன் பிடியைத் திருப்பி வைத்தார்.

"அந்த ரூல அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தாம்மா," என்றார். "ஊர விட்டுக் கெளம்பறான்னு அவன் வீட்டு வாசல்ல வித்தாச்சுன்னு போர்டு பாத்துத்தான் தெரியும். அன்னிக்கு எங்க கேட் வரைக்கும் வந்தான். மேல ஜன்னல்லேர்ந்து பாத்துட்டேன். விழுந்தடிச்சு இறங்கி வந்து, தாழ்ப்பாள்ல கைய வெச்சிட்டு நின்னேன். தட்டினதும் தொறக்கலாம்னு. தட்டவேயில்லம்மா."

என் மகள் அவர் முழங்காலில் கை வைத்து, "ஆர் யூ க்ரையிங்?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று தமிழிலேயே சொன்னார்.

கிளம்பும்போது அழைப்பு மணியைக் காட்டி, "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தட்டறதுகூட இன்னிக்குத்தாம்மா முதல் தடவ. எப்பவும் அவன்தான் தட்டுவான்," என்றார்.

அவர் போன பிறகு, மகனைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தபடி, போனில் வாசல் கேமராவின் காட்சிகளைத் திறந்தேன். பழைய காட்சிகளை அது தானாகவே அழித்துவிடும். மாமாவுடையது ஒன்றுகூட மிஞ்சவில்லை, சேமித்து வைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைய காட்சி மட்டும் இருந்தது. ஒரு வயதான மனிதர் படியேறி வந்து விரல் மூட்டால் தட்டுகிறார். தட்டிய கையோடு இறங்கி, நடைபாதையில் தள்ளிப்போகிறார். நடுவில் அத்தனை இடம் இருந்தும், பூந்தொட்டியை உரசிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். கார் நிற்கும் பக்கம் வெறுமையாக இருக்கிறது. கதவு திறக்கும்வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.