மாமாவைத் திட்டக்குடிக்கு அனுப்பிய நாள்

மாமனாரின் இரண்டு வேட்டிகளையும் பிரஷர் மாத்திரையையும் பையில் வைத்து, திட்டக்குடி பஸ்ஸில் நானே அவரை ஏற்றிவிட்டேன். "உங்க பொண்ணு உங்களப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்குது மாமா" என்று நான் சொன்னது பொய். மறுநாள் காலை எங்கள் வீட்டைப் பார்க்கத் தத்து நிறுவனத்திலிருந்து ஒரு அம்மா வரவிருந்தார். எங்களிடம் குழந்தையைத் தரலாமா என்று எழுதப்போவது அவர்தான். "ஊரான் வூட்டுப் புள்ள நமக்கு எதுக்கு?" என்று ஒருமுறை கேட்ட மனிதரை அந்த அம்மா முன்னால் உட்காரவைக்க எனக்குத் தைரியமில்லை.

அன்று முழுக்க வீட்டைப் புரட்டிப் போட்டேன். நான் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில் கழித்துப்போட்ட கோப்பைகளும் மூக்கு உடைந்த பொம்மைகளும் அலமாரி நிறைய இருந்தன. குழந்தை கையைக் கிழித்துக்கொள்ளும் என்று எழுதிவிடுவாரோ என்ற பயத்தில் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினேன். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று கணவரை ஒப்பிக்கச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட அவர் இப்படிப் படித்திருக்க மாட்டார்.

வந்த அம்மா அலமாரிப் பக்கம் திரும்பவேயில்லை. "வீட்ல வேற யார் இருக்காங்க? அவங்ககிட்டயும் பேசணுமே" என்றார். "மாமா ஊருக்கு..." என்று நான் ஆரம்பிக்கும்போதே வாசலில் மாமனார் செருப்பைக் கழற்றினார். முதல் பஸ்ஸிலேயே திரும்பியிருந்தார். நேராக வந்து அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, "ஒண்ணு கேக்கணும்ங்க" என்றார்.

"பாப்பா வந்து நல்லா ஒட்டிக்கிட்ட பொறவு, திருப்பிக் குடுங்கன்னு யாராச்சும் வந்து நின்னா? எம் மருமவ தாங்காதுங்க. நானும்தான்."

"தத்து உத்தரவு வந்துட்டா உங்க பேத்திதாங்க. யாரும் கேக்க முடியாது."

"அப்ப எனக்குச் சம்மதம்னு எழுதிக்கங்க."

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அத்தனை மாதமும் அவர் வாய் திறக்காமல் இருந்ததை வெறுப்பு என்றே நினைத்திருந்தேன். பயமாக இருக்கும் என்று தோன்றவேயில்லை, கேட்கவுமில்லை. வெட்கமாக இருந்தது. அந்த அம்மா போனதும் "மன்னிச்சிருங்க மாமா" என்றேன். "ஆபீசர் வராங்களாமே, நீ ஏன் இங்க வந்தேன்னு எம் பொண்ணு கேட்டுதும்மா" என்றார்.

இப்போது மகளுக்கு மூன்று வயது. அவள் வந்த பிறகும் அந்த அம்மா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துப் போனார். வரும்போதெல்லாம் மாமனார் பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த அம்மா கிளம்பும்வரை இறக்கமாட்டார். போன மாதம்தான் கடைசி வருகை. "இனிமே நாங்க வரமாட்டோம் ஐயா" என்று அந்த அம்மா சிரித்தபடி எழுந்தார்.

மாமனார் சிரிக்கவில்லை. "அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க."